ஆணியைச் சுற்றி ஒரு கோடு

என் தம்பி வாயைத் திறந்தால் அந்த நாட்களில் வந்ததெல்லாம் ஒரே பேச்சுத்தான்: வெளிச்சம் பத்தல. டீயில் சர்க்கரை பத்தவில்லை என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வான். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவன் வண்டிக்கு விளக்கு மாட்டியவள் நான். வண்டி வயரிங் வேலைக்கு வந்த நாளிலிருந்து, நான் மாட்டிய விளக்கைப் பத்தவில்லை என்று சொன்னவன் இவன் ஒருவன்தான். அதுவும் ஓசியில் மாட்டிக்கொண்டு சொன்னான்.

என் பட்டறை தெருவின் கடைக்கோடியில் இருக்கிறது. எதிரே டயர்க் கிடங்கின் நீளச் சுவர். ஜன்னல் இல்லை, விளம்பரம் இல்லை, ஒரே வெள்ளை. மேலே கூரை நீட்டிக்கொண்டிருப்பதால் மழைச் சாரல்கூடப் படாது. பட்டறைக்கு இடம் தேடியபோது நான் இடத்தைப் பார்க்கவில்லை, அந்தச் சுவரைத்தான் பார்த்தேன். ஹெட்லைட் திருப்பச் சுவர் வேண்டும். வந்த மறுநாளே டயர்க்காரரிடம் கேட்டு, முகப்பு விளக்கின் உயரத்தில் நடுச்சுவரில் ஓர் ஆணி அடித்தேன்.

என் வேலை முறை இப்படி. பொழுது சாய்ந்ததும் வண்டியைப் பட்டறை வாசலில் சுவரைப் பார்க்க நிறுத்தி, விளக்கைப் போடுவேன். வண்டிக்காரர் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து ஆணியைப் பார்க்க வேண்டும். கண்ணை அசைக்கக் கூடாது. மேடு பள்ளத்தில் பறக்கிறவன் நின்று நிதானமாக அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்; நேரே பார்க்கும்போது பக்கத்தில் என்ன தெரிகிறதோ அதுதான் அவனுக்கு வெளிச்சம். நான் நீலச் சாக்பீஸோடு ஆணியிலிருந்து வெளிப்பக்கமாகப் போவேன். சாக்பீஸ் எங்கே மறைகிறதோ அங்கே அவர் நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் கோடு போடுவேன். வெளிச்சத்தை அளக்க என்னென்னவோ கருவி வந்துவிட்டது. என் பட்டறையில் ஓட்டுகிறவன் கண்தான் கணக்கு. தன் சுவர் முழுக்க என் கிறுக்கல் என்று டயர்க்காரர் அலுத்துக்கொள்வார், அடுத்த சுண்ணாம்பு நீதான் அடிக்கணும்மா என்பார். ஆனாலும் வேலை இல்லாத நேரத்தில் தானே வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்.

தம்பிக்கு மட்டும் நான் ஆணி பார்க்கவில்லை. வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு இந்தச் சடங்கெல்லாம் என்று நானே கண்ணால் பார்த்துத் திருப்பிவிட்டேன்.

அவன் டர்ட் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஊருக்கு வெளியே மண்மேடும் குழியுமாக ஒரு திடல்; அங்கே பகலெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், கிளப்புக்காகப் பந்தயத்திலும் ஓட்டுவான். அந்தப் பந்தயத்தில் கடைசிச் சுற்று இருட்டிய பிறகு. ஒவ்வொரு கிளப்பும் ஒரே ஓர் ஆளைத்தான் அதற்கு அனுப்பலாம். பல வருஷம் பகல் சுற்றிலேயே ஓட்டி, கடைசியில் இந்தத் தடவை அவனுக்கு இருட்டுச் சுற்று கிடைத்தது. பயலுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பட்டறைக்கு வந்துவிட்டான்.

வண்டியில் இருந்தது கம்பெனி போட்ட பழைய பல்பு. மின்மினிப் பூச்சி அதைவிடப் பரவாயில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் காயிலிலிருந்து நேராகக் கரண்ட் வாங்குகிற விளக்கு அது. வண்டி மெதுவாகப் போனால் மங்கும், எஞ்சின் நின்றால் அதுவும் செத்துப்போகும். எல்இடிக்கு அந்தத் துடிக்கிற கரண்ட் ஆகாது, சீரான கரண்ட் வேண்டும். எஞ்சின் மூடியைக் கழற்றி, பாடியோடு சேர்த்திருந்த காயிலின் எர்த் முனையை வெட்டிப் பிரித்து, இரண்டு முனையையும் வெளியே கொண்டுவந்தேன். நடுவில் கரண்டைச் சீராக்க ரெக்டிஃபையர், சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பேட்டரி. இனி எஞ்சின் நின்றாலும் விளக்கு நிற்கும். முன்னால் நல்ல எல்இடி ஒன்றை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். கிடங்குச் சுவர் பளிச்சென்று எழுந்து நின்றது. டயர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ விமானம் இறங்குகிறது என்று நினைத்துவிட்டேன் என்றார்.

மறுநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து தம்பி சொன்னான், நடுவில் பகல் மாதிரி இருக்கிறது, ஓரத்தில் ஒன்றுமே இல்லை என்று.

சரி, நடுவில் குவிகிற விளக்குத்தானே என்று, பக்கத்துக்கு ஒன்றாக அகலமாக விரிகிற விளக்குகளை மாட்டினேன். பத்தல என்றான். புழுதியில் வெள்ளை வெளிச்சம் திருப்பி அடிக்கிறதோ என்று மஞ்சளாக மாற்றினேன். பத்தல. இத்தனை விளக்குக்குப் பேட்டரி தாங்கவில்லை. காயிலைப் பிரித்து மறுபடி சுற்றிக் கரண்டைக் கூட்டினேன். அதற்கும் பத்தல. கடைசியில் ஹெல்மெட்டிலேயே ஒரு விளக்கை வைத்தேன், தலை திரும்புகிற பக்கம் வெளிச்சம் திரும்பட்டும் என்று. அதைப் பற்றி மட்டும், இது கொஞ்சம் பரவாயில்லை என்றான். அவன் கழுத்து அன்றிலிருந்து கோழிக்குஞ்சின் கழுத்து மாதிரி ஓயாமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் இருட்டிய பிறகு சட்டை கிழிந்து, தோள் உரிந்து வந்து நின்றான். திடலின் ஓரத்தில் நிற்கும் கம்பத்தில் இடித்து விழுந்திருக்கிறான். நான் டிஞ்சரைத் தடவிக்கொண்டே நன்றாகத் திட்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்ட வேண்டிய இடத்தில் எங்கே பராக்குப் பார்த்தாய் என்று கேட்டேன்.

"கம்பத்துல லைட்டே படலக்கா. பட்டிருந்தா நான் ஏன் இடிக்கப்போறேன்?"

எனக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் அந்தி நேரத்தில் அவனோடு திடலுக்கே போனேன். அவன் விழுந்த தடத்தில் வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டேன். கம்பம் நின்றது. கம்பம் என்ன, அதில் ஒட்டியிருந்த பட்டை பளபளவென்று மின்னியது. அதற்குப் பின்னால் இருந்த புதர், புதரில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பை, எல்லாம் தெரிந்தது. இதிலா வெளிச்சம் படவில்லை என்று கேட்டேன். அவன் தலையைத் திருப்பிக் கம்பத்தைப் பார்த்தான். இப்போது தெரிகிறது என்றான். நேற்று என்ன ஆச்சு என்றேன். அவன் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான்.

அன்று இரவு சாப்பிடும்போது, வலது கைப் பக்கமிருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான். அது புதிதல்ல. அவன் டம்ளரைத் தட்டாத நாள் உண்டா, கதவில் தோளை இடிக்காத நாள் உண்டா? அவன் மனைவி ஈரத்துணியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் பரிமாறுவாள். வீட்டில் எல்லாரும் அவனை இடிதாங்கி என்று கேலி செய்வோம். அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை. டம்ளர் இருந்த இடத்தையும் அவன் கண் இருந்த இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பொழுது சாய்ந்ததும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டேன். முதலில் டயர்க்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் டர்ட் பைக்கில் உட்கார்ந்ததே இல்லை. குதிரைமேல் ஏறியவர் போலக் காலை அகட்டிக்கொண்டு, ஆணியைப் பார்த்தார். நான் சாக்பீஸை நகர்த்திக்கொண்டே போனேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. சுவர் முடிந்து சாக்கடை வந்துவிட்டது. இன்னும் தெரிகிறது, அடுத்த தெருவுக்குப் போ என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினார்.

பிறகு தம்பி உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன்.

ஆணியிலிருந்து கிளம்பி மூன்றெட்டுக்கூட எடுத்திருக்க மாட்டேன், அவன் நிறுத்து என்றான்.

விளையாடுகிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தது. கோடு போட்டேன். மறு பக்கம் போனேன். நிறுத்து என்றான். நாற்காலி போட்டு ஏறி மேலே நகர்த்தினேன், குனிந்து கீழே நகர்த்தினேன். எல்லாக் கோட்டையும் சேர்த்தபோது ஆணியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. டிராக்டர் டயர் அளவு இருக்கும். வட்டத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் சுவர் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. நான் மாட்டிய விளக்குகள், நான் சுற்றிய காயில், நான் மாற்றிய மஞ்சள், எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியேதான் கொட்டிக் கிடந்தன.

"பாத்தியா, நான் சொல்லல?" என்றான் தம்பி. "ஓரத்துல வெளிச்சம் பத்தல."

டயர்க்காரர் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் கிடங்குக்குள் போய்விட்டார்.

கண் டாக்டர் வயதான அம்மாள். அவனை ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். நடுவிலிருக்கும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சுற்றி எங்காவது வெளிச்சப் பொட்டுத் தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். இது நம் பட்டறை ஆணி மாதிரியே இருக்கிறதே என்று தம்பி உள்ளேயிருந்து சிரித்தான். அவன் அமுக்குவான் அமுக்குவான் என்று நான் அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியிலிருந்து வந்த படத்தில் நடுவே கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. அதை நான் ஏற்கெனவே சாக்பீஸில் வரைந்திருந்தேன்.

விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். இருட்டில் முதலில் தெரியாமல் போகும், பிறகு பகலிலும் சுருங்கும். எவ்வளவு நாளில் என்று தம்பி கேட்டான். சொல்ல முடியாது, சிலருக்குப் பல வருஷம் அப்படியே நிற்கவும் நிற்கும் என்றார். அந்த ஒரு பேச்சை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். வண்டி ஓட்டக் கூடாது என்று அவர் சொன்னது அவன் காதில் ஏறியதா என்று தெரியவில்லை.

நான் என் பங்குக்கு, எதையாவது மாற்ற முடியாதா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு பட்டறைத்தனமான கேள்வி என்று உறைத்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எரியவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. மீட்டரை வைத்துத் தேடினால் அகப்படும். அகப்பட்டதை மாற்றினால் எரியும். அவர் கோபப்படவில்லை. இவருக்கு இப்போதைக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்றார். பிறகு, குடும்பத்தில் யாருக்காவது பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் இருந்ததா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பாவுக்குக் கோழின்னு பேருக்கா," என்றான்.

தெரு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் அடைந்துவிடுவார். கோழி அடைஞ்சாச்சா என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் கொடுப்பார்கள். அடைஞ்சாச்சு என்று அவரே சிரித்துக்கொண்டு பதில் சொல்வார். அப்படியும் இருட்டிய பிறகு வெளியே போக நேர்ந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, படி வந்தால் சொல்லும்மா என்பார். நான் ஒவ்வொரு படிக்கும் படி, படி என்று கத்திக்கொண்டு போவேன், அது ஏதோ விளையாட்டு என்று. மூத்தவள் மேல்தான் பாசமெல்லாம் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். நானும் அப்படித்தான் நம்பி மிதப்பில் திரிந்தேன். கண் முழுக்கப் போகும் முன்னே ஆளே போய்விட்டார். அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்தே மறைத்துவிட்டார்.

டாக்டர் என் கண்ணையும் பார்த்தார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இருட்டுச் சுற்று வேறொருவனுக்குப் போனது. தம்பி திடலில் தரையில் நின்று சொல்லிக்கொடுக்கிறவன் ஆனான். வண்டி என் பட்டறையிலேயே நின்றது. பக்க விளக்குகளையும் ஹெல்மெட் விளக்கையும் கழற்றி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு மேஜைக்கு அடியில் வைத்தேன். யாராவது கேட்டால் கொடுத்துவிடட்டுமா என்றபோது அவன் முகம் மாறிவிட்டது. பெட்டி அங்கேயே இருந்தது.

மாதத்துக்கு ஒருமுறை பொழுது சாய்கிற நேரத்தில் வருவான். "அக்கா, ஆணியப் பாக்கட்டுமா?" என்பான். டாக்டரிடம் போவதை அவன் நிறுத்திவிட்டான். அங்கே வரிசையில் உட்காரப் பிடிக்கவில்லையாம், என் சுவரே போதுமாம். வண்டிமேல் ஏறி உட்காருவான். முகப்பு விளக்கைப் போடுவேன். சாக்பீஸோடு ஆணியிலிருந்து கிளம்புவேன். நிறுத்து என்பான். சாக்பீஸ் பழைய கோட்டின் மேலேயே நிற்கும். இறங்கி வந்து கோட்டைப் பக்கத்தில் பார்த்து, அப்படியே நிற்கிறது என்று சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அப்போது தெருவில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். நன்றாக இருட்டும் முன் போய்விடுவான். நான் அவன் முதுகு மறைகிற வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சாக்பீஸ் கோட்டைத் தொட நாலு விரற்கடை இருக்கும்போதே நிறுத்து என்றான்.

நான் நிற்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கை அதுவாகப் போய்ப் பழைய கோட்டின் மேல் உட்கார்ந்தது. அதே கோட்டை இன்னொரு முறை அழுத்தி இழுத்தேன். அந்த இடத்தில் என் கை அவனுக்குத் தெரியாது. மற்றப் பக்கங்களிலும் அப்படியே செய்தேன். இறங்கி வந்து பார்த்தவன் சுவரில் ஒரே ஒரு வட்டத்தைத்தான் பார்த்தான்.

"பாத்தியாக்கா, கல்லு மாதிரி நிக்குது," என்றான்.

ஆமாம் என்றேன். அன்று அவன் எனக்கும் டயர்க்காரருக்கும் டீ வாங்கிவந்து கொடுத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, அடுத்த மாதம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பழைய வட்டம் சாக்பீஸ் ஏறி ஏறித் தடித்துக்கொண்டே போனது. டயர்க்காரர் ஒருநாள் வந்து, ஏம்மா அவன் சொன்ன இடத்தில் நீ நிற்பதில்லையே என்று மெதுவாகக் கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கண்ணே என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்க வரவில்லை.

மழை விட்டது. மண் இறுகி, புதுப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கிற காலம் வந்தது. அன்றைக்குத் தம்பி நேரத்தோடு வந்துவிட்டான். வழக்கம்போல ஆணியைப் பார்த்தான். வழக்கம்போல நான் பொய்க்கோடு போட்டேன். அவன் வந்து வட்டத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு நேராகப் பட்டறைக்குள் போய், மேஜைக் காலில் முழங்காலை இடித்துக்கொண்டு, குனிந்து அந்த அட்டைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"மாட்டுக்கா," என்றான். "கிளப்ல சொல்லிட்டேன். இந்தத் தடவை இருட்டுச் சுத்து நான்தான்."

நான் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தேன்.

அவன் பேசிக்கொண்டே போனான். டாக்டரம்மாவே சொன்னார் இல்லையா, சிலருக்கு அப்படியே நிற்கும் என்று. தன்னுடையது நின்றுவிட்டது. ஒரு வருஷமாக ஒரு நூல் நகரவில்லை, சுவரே சாட்சி. நடுவில் தெரிகிற அளவுக்குத் தெரிந்தால் போதும், தடம் அவனுக்கு மனப்பாடம். அகலமாக விரிகிற விளக்குகூட வேண்டாம், எல்லாவற்றையும் அந்த வட்டத்துக்குள்ளேயே அடிக்கிற மாதிரி திருப்பிவிடு, உன் கைக்கு அது என்ன பெரிய வேலை என்றான். அவன் மனைவி அழுதாளாம். அக்கா கோடு போட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், அக்கா கை தப்பாது என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தியிருக்கிறான்.

மாட்ட முடியாது என்று சொல்லலாம். சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போவான். அங்கே யாரும் ஆணி அடித்து வைத்திருக்கவில்லை. கேட்டதை மாட்டி அனுப்புவார்கள். கிளப்பில் போய்ச் சொல்லலாம். அவன் இந்தச் சுவரைக் காட்டுவான். அவனை வண்டியில் ஏற்ற இந்த உலகத்தில் யாரிடமும் ஒரு காரணமும் இல்லாமல் இருந்தது. நான்தான் மாதாமாதம் ஒன்றைச் சாக்பீஸில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அழிக்க வேண்டுமானால் அவனையும் சேர்த்து அழிக்க வேண்டும்.

"உக்காரு," என்றேன்.

"இப்பத்தானக்கா பாத்தோம்?"

"உக்காருடா. ஆணியப் பாரு."

என் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். மறுபேச்சுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தான். இந்தத் தடவை நான் ஆணியிலிருந்து கிளம்பவில்லை. சுவரின் கோடிக்குப் போய், அங்கிருந்து உள்ளே வந்தேன். சாக்பீஸ் கண்ணுக்கு வந்ததும் சொல்லு என்றேன். அவன் சொல்லவில்லை. சாக்பீஸ் சுவரில் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. தடித்த பழைய கோட்டுக்கு வந்து நின்றேன். சொல்லடா, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு பேச்சும் இல்லை. கோட்டைத் தாண்டினேன். இன்னும் இல்லை. அவன் மூச்சு விடுகிற சத்தம் தெருவின் இந்தப் பக்கம் வரை கேட்டது.

"இப்ப," என்றான்.

அங்கே கோடு போட்டேன். மறு பக்கம், மேலே, கீழே. எல்லாவற்றையும் சேர்த்து வரைந்து முடித்தபோது டிராக்டர் டயருக்குள் ஒரு கார் டயர் கிடந்தது.

அவன் வண்டியிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்து வந்தான். தலையைத் திருப்பித் திருப்பி இரண்டு வட்டத்தையும் பார்த்தான். பிறகு கையை விரித்துச் சுவரில் வைத்தான். கட்டைவிரல் பழைய கோட்டில், சுண்டுவிரல் புதுக் கோட்டில். இடையில் ஒரு சாண்.

"எப்பலேந்து?" என்றான்.

"மழைக்கு முன்னாடிலேந்து."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால், அடித்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவன் கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "லைட்டை அணைச்சிடுக்கா," என்றான். "பேட்டரி எறங்குது."

போய் அணைத்துவிட்டு வந்தேன். பேச்சில் பொழுது போய்விட்டிருந்தது. கோடியிலிருந்த தெருவிளக்கு பெயருக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சுவர் தெரிந்தது, சாக்கடை தெரிந்தது, அவன் முகமும் தெரிந்தது. அவன் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எங்க இருக்க?"

ஓரடி தள்ளித்தான் நின்றிருந்தேன். இங்கேதான் என்றேன். அவன் கை காற்றில் துழாவி, என் கன்னத்தில் பட்டு, இறங்கித் தோளைப் பிடித்தது. அப்பா பிடிக்கிற அதே பக்கம். அதே கனம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தோள் குலுங்கும், அவன் கைக்குத் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வண்டி வருகிறதா என்று கேட்டான். வரவில்லை என்றேன். மெதுவாகத் தெருவைக் கடந்தோம். பட்டறை வாசல் வந்ததும், "படி," என்றேன். அவன் காலைத் தூக்கி வைத்தான்.